பொதுப்பணமும் கொள்வனவு அட்டையும்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடையிற் கூலித்தொழில் செய்து வாழும் ஒருவன் மாலையில் வீடு திரும்புங்கால் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கிச் செல்கின்றான். அவன் வருமான வரி செலுத்துபவன் அல்லன். திறைசேரியின் வாயிலை மிதித்தவனும் அல்லன். எனினும், 2024ஆம் ஆண்டு சனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி அப்பொருளின் விலையில் அடங்கியிருத்தலின், அவனும் தான் அறியாமலே அரசாங்கத்துக்குப் பணம் கொடுத்தவனாகின்றான். அத்தகைய சிறு தொகைகள் பல சேர்ந்து திரட்டு நிதியத்தை அடைகின்றன. பின்னர்ப் பாடசாலைக்கு வெண்கட்டியாகவும், மருத்துவமனைக்குப் பஞ்சாகவும், கச்சேரிக்குக் காகிதமாகவும் உருமாறுகின்றன. இம்மாற்றம் தானாக நிகழ்வதன்று. அரசாங்கம் தானே கடைக்குச் சென்று பொருள் வாங்குவதில்லை. அதன் பெயரால் ஓர் உத்தியோகத்தர் செல்கின்றார். பிறருடைய பணம் அவர் கையில் இருக்கும் அச்சிறு பொழுதில் அதற்குக் காவல் யாது? அரசியல் அறிஞரும் கணக்கியல் அறிஞரும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் இஃது ஒன்று.

இக்காலத்தில் அவ்வினாவுக்குப் புதியதொரு வடிவம் தந்திருப்பது கொள்வனவு அட்டை. வங்கியொன்று வழங்கும் கடனட்டையை ஒத்த இதனைத் திணைக்களம் தன் ஊழியருக்குக் கொடுக்கின்றது. ஊழியர் கடையில் அட்டையைக் காட்டிப் பொருளைப் பெற, மாத முடிவில் அரசாங்கம் வங்கிக்குப் பணம் செலுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு முதல் ஸ்மார்ட்பே என்னும் பெயருடைய திட்டத்தின் கீழ் இவ்வட்டைகள் பெருவழக்காயின. பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டு முதல் இவை பயன்பட்டு வருகின்றன. இலங்கைத் திணைக்களங்களின் சிறு கொள்வனவுகள் பெரும்பாலும் சில்லறைக் காசாலும் முற்பணத்தாலும் காசோலையாலுமே நடைபெற்று வந்துள்ளன. ஆயினும், மக்கள் அரசாங்கத்துக்குச் செலுத்தும் பணத்தை மின்முறையிற் பெறும் கவ்பே என்னும் ஏற்பாடு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் இங்கே தொடங்கிவைக்கப்பட்டது. உள்வரும் பணம் அவ்வழியில் வரத் தொடங்கிய பின்னர், வெளிச்செல்லும் பணமும் அவ்வழியை நாடுதல் இயல்பே. ஆதலின், பிற நாடுகள் பட்டறிந்தவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளல் நன்று.

பெருங் கொள்வனவுகளிலும் சிறு கொள்வனவுகளே காவல் குறைந்தவை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பாலம் ஒன்று கட்டுவதாயின் கேள்விப்பத்திரம் கோரப்படும், மதிப்பீட்டுக் குழுவும் பெறுகைக் குழுவும் கூடும், செய்தித்தாள்களும் நோக்கும். அலுவலகத்துக்கு மின்குமிழ் வாங்குவதாயின் ஒருவரே செல்வர், ஒருவரே தெரிவர், ஒருவரே பற்றுச்சீட்டைக் கொணர்வர். தொகை சிறிதாதலின் எவரும் அதனைப் பொருட்படுத்தார். ஆனால், ஒரு நாட்டில் ஓராண்டில் நிகழும் அத்தகைய கொள்வனவுகளின் தொகை சிறிதன்று. மேலும், சிறு தொகையில் தவறிப் பழகிய கை பெருந்தொகையில் தயங்குவதும் அரிது.

இவ்வாபத்தைத் தமிழர் தம் ஊராட்சியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவன. மாணவர் பலரும் அவற்றை மக்களாட்சியின் சான்றாகவே கற்கின்றனர். அவை கணக்கியலின் சான்றாகவும் கற்கத்தக்கவை. வாரியங்களில் முன்னர்ப் பணியாற்றிக் கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர் என அவை விதிக்கின்றன. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் இடமில்லை. வாரியத்தில் இருப்போரின் பதவிக்காலம் 360 நாள்கள். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் கூடாது.

இவ்விதிகளுள் உறவினரைத் தடுக்கும் விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆயின் அதன் காரணம் எளிதில் விளங்குவது. கணக்குக் காட்டாதவன் விலகியபின் அவன் தம்பியோ மைத்துனனோ அப்பதவிக்கு வருவானாயின், பழைய கணக்கைத் தோண்டிப் பார்ப்பவர் எவர்? குறைகளை மறைப்பதற்கு உறவைப்போல் வாய்ப்பான திரை வேறில்லை. அவ்வூரிலேயே பொன்னின் மாற்றைச் சோதிப்போர்க்கு வகுத்த விதி இன்னும் நுட்பமானது. உரைகல்லில் ஒட்டிய பொன்துகளை மெழுகினால் ஒற்றியெடுத்து, அதனை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவ்விதி. துகளளவு பொன்னும் சோதித்தவர் கையிலேயே தங்கிவிடலாகாது. அதனை வேறொரு கை பெற்றுக்கொள்ளல் வேண்டும். பிற்காலக் கணக்கியல் அறிஞர் நூல்களில் வகுத்த கடமைப் பிரிப்பு என்னும் கோட்பாடு அந்த மெழுகு உருண்டையில் முழுமையாக அடங்கியிருக்கக் காணலாம்.

திருவள்ளுவரும் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தக்கவனை ஆராய்ந்து தேர்தல் முன்னது. தேர்ந்தபின் அவனைப் பணியில் ஈடுபடுத்தி ஆளும் முறை பின்னது. நல்லவனைத் தேர்ந்துவிட்டோம் என்று அரசன் ஓய்ந்துவிடுதல் அவர்க்கு உடன்பாடன்று. பணியாற்றுவோனின் ஒழுகலாற்றை நாள்தோறும் நோக்கல் வேண்டும் என்பதே அவர் கருத்து. நம்பிக்கையும் மேற்பார்வையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்துக் கற்பார்க்குப் புலனாகும்.

கொச்சிக்கடைக்கு அணித்தே உள்ள செட்டியார் தெருவும் இதற்கொரு சான்று தருகின்றது. இன்று நகைக்கடைகளால் நிறைந்திருக்கும் அத்தெருவில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழிலும் அரிசி வாணிகமும் நடத்தினர். தோட்டத்துரைமாருக்கும் வணிகர்க்கும் அவர்கள் கடன் கொடுத்தனர். ஆனால், முதலுக்கு உரியவர் பெரும்பாலும் கடலுக்கப்பால் செட்டிநாட்டிலேயே இருந்தார். கொழும்பில் இருந்தவர் அவருடைய முகவர். உரியவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் பிறர் கையிற் பெருந்தொகை இருந்தது. அத்தொலைவை அவர்கள் கணக்கினால் கடந்தனர். முகவரின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டுகள்; அக்காலம் முடிந்ததும் அவர் கணக்கை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்து ஊர் திரும்புவார். நாட்குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் ஒழுங்காக எழுதப்பட்டு முதலாளிக்கு அனுப்பப்பட்டன. புதிதாக வரும் முகவர் பழையவரின் கணக்கைத் தாமே பொறுப்பேற்க வேண்டியிருந்தமையின், அதனைக் கூர்ந்து நோக்காது ஏற்கத் துணியார். இங்ஙனம் பதவி மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்காய்வாகவே அமைந்தது.

இக்கால அரசாங்க முறை இதே கருத்தை விரிவான விதிகளாக்கியுள்ளது. இலங்கைத் திறைசேரியின் நிதிப் பிரமாணங்கள் செலவு ஒன்றினை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. செலவு செய்வதற்கு அதிகாரமளித்தல் முதலாவது. கொடுப்பனவை அங்கீகரித்தல் இரண்டாவது. பொருள் வந்து சேர்ந்தது, கணக்குச் சரியானது என அத்தாட்சிப்படுத்தல் மூன்றாவது. பணத்தைக் கொடுத்தல் நான்காவது. இக்கடமைகள் இயன்றவரை வெவ்வேறு உத்தியோகத்தர்க்கு ஒப்படைக்கப்படுகின்றன. பொருளைக் கேட்டவர் ஒருவர், இசைந்தவர் ஒருவர், களஞ்சியத்தில் எண்ணிப் பெற்றவர் ஒருவர், காசோலை எழுதியவர் ஒருவர் என நால்வர் இருப்பின், தவறு செய்வதற்கு நால்வரும் உடன்பட வேண்டும். ஒருவன் தன் மனச்சான்றை எளிதில் ஏமாற்றலாம். மற்ற மூவரையும் இசையச்செய்தல் எளிதன்று.

அவசரத் தேவைகளுக்காக உத்தியோகத்தர் ஒருவரிடம் முன்னதாகவே ஒரு தொகையைக் கொடுத்துவைக்கும் வழக்கமும் உண்டு. இது உபகட்டுநிதி எனப்படும். இம்முற்பணத்தைப் பதவிநிலை உத்தியோகத்தர்க்கே வழங்கலாம் என்றும், பணி முடிந்தவுடன் கணக்குக் காட்டி மிகுதியைத் திருப்பிச் செலுத்தல் வேண்டும் என்றும் பிரமாணங்கள் கூறுகின்றன. 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று அதன் உச்சத் தொகையை 100,000 ரூபாவாக வரையறுத்தது. விதி தெளிவானது, எனினும், உரிய காலத்தில் தீர்க்கப்படாத முற்பணங்கள் பற்றிய குறிப்பு கணக்காய்வு அறிக்கைகளில் ஆண்டுதோறும் இடம்பெறுதல் வழமை. தீர்க்கப்படாத முற்பணம் யாவும் களவு என்று கூறுதல் பொருந்தாது. பலர் சோம்பலாலும் சிலர் மறதியாலும் தாமதிக்கின்றனர். ஆனால், அத்தாமதம் நீடிக்குங்கால் அரசாங்கப் பணம் வட்டியில்லாக் கடனாக ஒருவர் கையிலே தங்கிவிடுகின்றது. சோம்பலுக்கும் கையாடலுக்கும் இடையிலுள்ள எல்லை அங்கே மங்கிவிடுகின்றது.

சிறு கொள்வனவில் நிகழும் முறைகேடுகள் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே வகையின. ஒருவரது அதிகார எல்லை குறிப்பிட்ட தொகையாயின், அதற்கு மேற்பட்ட கொள்வனவை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து வாங்குதல் ஒன்று. மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றுவதாகக் காட்டி, ஒரே கடைக்காரரிடம் மூன்று பெயர்களில் விலைச்சீட்டுப் பெறுதல் மற்றொன்று. அலுவலகப் பொருளோடு வீட்டுப் பொருளையும் ஒரே சீட்டில் அடக்குதலும், வராத பொருளை வந்ததாக எழுதுதலும், வந்த பொருள் களஞ்சியப் புத்தகத்தில் ஏறாமலே மறைதலும் பிற வகைகள். கூரிய கணக்காய்வாளர் இவற்றைச் சிறு அடையாளங்களால் இனங்காண்பர். ஒரே நாளில் ஒரே கடையிலிருந்து அடுத்தடுத்த இலக்கமுடைய சீட்டுகள் வந்திருப்பின், ஒரு கொள்வனவு பிரிக்கப்பட்டதோ என அவர் ஐயுறுவர். பல மாத இடைவெளியிலும் சீட்டு இலக்கங்கள் தொடர்ந்தே வருமாயின், அக்கடைக்கு அத்திணைக்களத்தையன்றி வேறு வாடிக்கையாளர் உளரோ என வினாவுவர்.

இனி, கொள்வனவு அட்டை இவ்வமைப்பில் எத்தகைய மாற்றத்தை விளைவிக்கின்றது என்பதை நோக்குவோர்க்கு உண்மை எளிதிற் புலப்படும். நிதிப் பிரமாணங்கள் பிரித்துவைத்த நான்கு கைகளையும் அட்டை ஒரே கையாக ஒன்றுசேர்க்கின்றது. அதனை வைத்திருப்பவரே தேவையைத் தீர்மானிக்கின்றார். அவரே கடையைத் தெரிகின்றார். அவரே பொருளைப் பெறுகின்றார். அட்டையைக் காட்டிய அந்நொடியே கொடுப்பனவும் நிகழ்ந்துவிடுகின்றது. முன்னர்க் கொடுப்பனவுக்கு முன்பு நிகழ்ந்த பரிசோதனை இப்பொழுது அதற்குப் பின்பே நிகழ முடியும். அட்டையின் நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. தாள்வேலை குறைகின்றது, வணிகர்க்கு உடனே பணம் கிடைக்கின்றது, ஒவ்வொரு கொள்வனவும் நாள், நேரம், கடை ஆகியவற்றோடு பதிவாகின்றது. காசு எச்சுவடும் விடாது மறையும். அட்டை சுவடு விட்டே செல்லும். ஆயினும், சுவட்டை எவரும் நோக்காவிடின் அது விடப்பட்டதனாற் பயன் யாது?

அமெரிக்காவின் பட்டறிவு இதனை உணர்த்தும். அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு நிறுவனம் 2005, 2006ஆம் நிதியாண்டுகளின் கொள்வனவு அட்டைச் செலவுகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. முறையாக இசைவு பெறப்பட்டதா, பொருள் வேறொருவராற் பெறப்பட்டதா என்னும் அடிப்படைச் சோதனைகளில், ஆராயப்பட்ட செலவுகளுள் ஏறத்தாழ 41 வீதமானவை தவறியதாக அது கண்டது. அவையெல்லாம் மோசடியென அவ்வறிக்கை கூறவில்லை. மோசடி நிகழ்ந்திருப்பினும் தெரியவராது என்பதே அதன் பொருள். தெரியவராதபடி நிகழ்ந்த ஒன்றையும் அது எடுத்துக்காட்டிற்று. வனத்துறை ஊழியர் ஒருவர், அட்டைக் கணக்கோடு வழங்கப்பட்ட காசோலைகளைக்கொண்டு ஆறாண்டுக் காலத்தில் 642,000 டொலருக்கு மேற்பட்ட பணத்தைத் தம்மோடு வாழ்ந்தவருக்கு மாற்றியிருந்தார். எழுதப்பட்ட காசோலைகள் 180க்கும் மேற்பட்டன. ஆறாண்டுகளாக அவற்றுள் ஒன்றையேனும் வேறொரு கண் ஊன்றி நோக்கியிருப்பின், இத்துணைத் தொகை போயிராது.

இதன் பின்னர் 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரசாங்க அட்டைகளின் துர்ப்பிரயோகத்தைத் தடுக்கும் தனிச்சட்டம் ஒன்று அங்கே நிறைவேறிற்று. அட்டை வைத்திருப்போர் அனைவரின் பதிவேட்டையும் பேணல், பற்றுச்சீட்டுகளை வங்கிக் கூற்றோடு ஒப்புநோக்கல், ஊழியர் விலகும்போதோ இடம் மாறும்போதோ அட்டையைச் செயலிழக்கச்செய்தல், தவறியோர்க்குப் பணிநீக்கம் வரையிலான தண்டனை விதித்தல், உட்கணக்காய்வாளர் காலந்தோறும் ஆபத்தை மதிப்பிடல் என்பன அச்சட்டத்தின் கூறுகள். பிரித்தானியாவில் அட்டைச் செலவு சில ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியதைக் கண்ட அரசாங்கம், 2025ஆம் ஆண்டு மார்ச்சில், ஏறத்தாழ 20,000 அட்டைகளுள் தேவை நிறுவப்படாதவற்றை முடக்குமாறு பணித்தது. விருந்தோம்பலுக்கான உச்ச எல்லையும் 2,500 பவுணிலிருந்து 500 பவுணாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவிலும் அதே ஆண்டு பெப்ரவரியில் பெரும்பாலான அட்டைகள் ஒரு மாதத்துக்கு முடக்கப்பட்டன. அட்டைகளைக் கணக்கின்றி வழங்கிவிட்டுப் பின்னர் ஒருங்கே முடக்குதல், மதகைத் திறந்துவிட்டு மறந்திருந்தவன் வயல் மூழ்கியபின் குளத்தையே அடைப்பதை ஒக்கும். அளவறிந்து நீர் விடுபவனே நல்ல கமக்காரன்.

இவற்றிலிருந்து தெளியப்படும் காவல் முறைகள் சில. அட்டை பதவிக்கு உரியதாகாமல் தேவைக்கு உரியதாதல் வேண்டும். அதனைக் கௌரவச் சின்னமாக வழங்குதல் தீமைக்கு வித்திடும். ஒரு கொள்வனவுக்கும் ஒரு மாதத்துக்கும் தனித்தனி எல்லைகள் வகுத்தல் வேண்டும். நகைக்கடை, மதுச்சாலை போன்ற, அலுவலோடு தொடர்பில்லாத வணிக வகைகளில் அட்டை செல்லாதவாறு வங்கியிலேயே தடுத்துவைக்கலாம். இஃது அட்டைக்கேயுரிய தனிச்சிறப்பு. பொருளைப் பெற்றதாக ஒப்பமிடுபவர் அட்டைக்குரியவர் அல்லாத வேறொருவராதல் இன்றியமையாதது. மாதக்கூற்றினைச் சரிபார்க்கும் மேலதிகாரியிடம் சிலருடைய கணக்குகளே இருத்தல் வேண்டும். நூறு பேருடைய கூற்றுகளைப் பெறுபவர் எதனையும் படியாமலே ஒப்பமிடுவர். அவர் அட்டைக்குரியவரின் கீழ்ப் பணிபுரிபவராக இருத்தலும் ஆகாது. தலைவரின் செலவைக் கீழ்நிலை எழுதுவினைஞர் வினாவ அஞ்சுவர். உயர்நிலையினரின் செலவை வெளியார் ஒருவர் நோக்கும் ஏற்பாடில்லாத இடத்தில் ஏனைய விதிகள் சிறியோர்க்கு மட்டுமே உரியனவாய்விடும்.

இக்காவல்களுக்கெல்லாம் மேலாக நிற்பது கணக்காய்வு. இலங்கையில் அரசாங்கக் கணக்காய்வின் வரலாறு ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்த 1799ஆம் ஆண்டுவரை செல்கின்றது. 1947ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியற்றிட்டமும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் கணக்காய்வாளர் தலைமையதிபதிக்குத் தனிநிலை வழங்கின. அவருடைய சம்பளம் திரட்டு நிதியத்தின் மீது சுமத்தப்பட்டது. பதவியிலிருக்கும் காலத்தில் அதனைக் குறைத்தலும் இயலாது. தம் கணக்கை ஆராய்பவரின் ஊதியத்தில் ஆட்சியாளர் கைவைத்தலாகாது என்பதே அதன் நோக்கம். 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தம் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவை உண்டாக்கிற்று. 2020ஆம் ஆண்டின் இருபதாம் திருத்தம் அதனை நீக்கிற்று. 2022ஆம் ஆண்டின் இருபத்தோராம் திருத்தம் மீண்டும் நிறுவிற்று. ஏழாண்டுகளுள் ஒரு காவலரண் கட்டப்பட்டு, இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டமை, காவலும் காக்கப்பட வேண்டியதே என்பதைக் காட்டும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், முறைகேட்டால் விளைந்த நட்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடமிருந்தே அறவிடும் மிகைக்கட்டண முறையைப் புகுத்திற்று. பொதுச்சொத்தைக் கையாடுவோர்க்கு 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சிறையும், கையாடிய பெறுமதியின் மும்மடங்கான தண்டமும் விதித்துள்ளது. தண்டனை குறைவன்று. ஆனால், பணம் போன பின்னரே தண்டனை வரும். அதுவும் குற்றம் வெளிப்பட்டால் மட்டுமே வரும்.

இங்கே ஒரு மறுப்பும் எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. விதிகள் மிகுந்தால் நேர்மையான உத்தியோகத்தரே பெரிதும் இடர்ப்படுவர். வெள்ளத்தில் வீடிழந்தோர் பாடசாலை மண்டபத்தில் பசித்திருக்குங்கால் மூன்று கடைகளில் விலை கேட்டு அலைதல் கொடுமை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நிகழ்ந்த கரையோரங்களில் அந்நாள்களின் தேவை விதிநூலுக்குக் காத்திருக்கவில்லை. பின்னாளில் வினா எழுமோ என்று அஞ்சி ஒன்றும் வாங்காதிருக்கும் அதிகாரி, தம்மைக் காத்துக்கொண்டாராயினும் மக்களைக் காத்தவராகார். இதற்கு விடை, முன்னே உள்ள தடைகளைத் தளர்த்திப் பின்னே உள்ள கணக்கை இறுக்குதல். அவசர வேளையில் ஒருவரே வாங்கலாம். ஆனால், வாங்கியதை இருவர் எண்ணிப் பெறல் வேண்டும். குறித்த நாளுக்குள் கணக்கு முடிதல் வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது அவ்வூரார் கண்முன் அறிவிப்புப் பலகையில் தொங்குதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் குடிமகன் ஒவ்வொருவனையும் அக்கணக்கை வினாவ உரியவனாக்கியுள்ளது. சட்டம் தந்த அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் பெருகப் பெருகக் கணக்காய்வாளரின் சுமையும் குறையும்.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தவியலாதென அறிவித்ததும், எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் பட்ட பாடும் எளிதில் மறக்கப்படுவன அல்ல. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. சிறு கொள்வனவு முறைகேடுகளால் மட்டும் அது விளைந்ததெனக் கூறுதல் மிகை. ஆயினும், அதன் பின்னர் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான சர்வதேச நாணய நிதியத்தின் ஆட்சிமுறை ஆய்வு, அரசாங்கப் பெறுகைக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என வற்புறுத்தியது. அரசாங்கம் எதனை, எவரிடம், எவ்விலைக்கு வாங்குகின்றது என்பது நாட்டின் நலத்தோடு எத்துணை நெருங்கிய தொடர்புடையது என்பதற்கு அதுவே சான்று.

கல்லூரிகளிற் பயிலும் மாணவருட் பலர் நாளை கணக்காளராகவும் அதிபராகவும் பிரதேச செயலாளராகவும் அமர்வர். அவர்களுக்குப் பொதுப்பணத்தின் முதற் பாடம் நிதிப் பிரமாணங்களில் தொடங்குவதன்று. மாணவர் மன்றத்தின் பொருளாளராக ஒருவர் நூறு ரூபா சந்தா பெறும் நாளிலேயே தொடங்குகின்றது. சந்தாவுக்குப் பற்றுச்சீட்டு எழுதுதல், செலவுக்குச் செயலாளரின் இசைவைப் பெறுதல், ஆண்டிறுதியில் மன்றத்தின் முன் கணக்கைப் படித்தல் ஆகியவற்றை வெறுஞ் சடங்கெனக் கொள்பவர் பின்னாளில் அட்டையையும் அவ்வாறே கொள்வர். கணக்குக் கேட்கப்படுவதைத் தம் நேர்மைக்கு இழுக்கென நினைப்பாரும் உளர். உண்மையில், பிறர் கண்முன் கணக்குக் காட்டி விடுபட்டவரே, பின்னர் எழும் பழிச்சொல்லுக்கு அஞ்சாது வாழ்பவர். உத்திரமேரூர்ச் சபையார் மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைக்கச் சொன்னது பொன் சோதிப்போரைக் கள்வரெனக் கருதியதனால் அன்று. கொச்சிக்கடைக் கூலித்தொழிலாளியின் பணம் கைமாறும் இடமெல்லாம் அத்தகைய இரண்டாவது கை ஒன்று இருத்தல் வேண்டும். அது பணத்துக்கும் காவல், அதனைக் கையாளும் நல்லவர்க்கும் காவல்.